மீன் தொட்டிக்கு உறை ஊற்றுவோம்

புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்கு போல் இருக்கும். ஆனாலும் சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். குழந்தைகள் முகம் வாடிவிடும். பெரும்பாலும் காரணம், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு இருப்பதில்லை.

வீட்டிலேயே இவற்றை வளர்க்கலாம். தில்லியில் நான் செய்யும் முறை இது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் போக, வாளியில் ஒரு நாள் வைத்திருந்து தொட்டியில் ஊற்றுவேன். ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, மீன் விடாமலே தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுவேன். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதுவே பாக்டீரியாவுக்கு உணவு. ஸ்பாஞ்சில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். இங்குள்ள குளிரில் இன்னும் தாமதமாகும். ஹீட்டர் வைத்து 25 முதல் 28 டிகிரி வரை வெப்பம் இருக்கச் செய்யுங்கள்.

நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியின் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், பாலுக்கு உறை ஊற்றியது போல வேலை விரைவாகும். சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று வந்தபின், பாதித் தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று மீன்கள் மட்டும் விடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் வளர்த்த பாக்டீரியா பிழைத்திருக்கும், மீன்களும் பிழைக்கும்.