எரிவாயுக் கசிவும் ஒளிக்கருவியும்

புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர்ச் சாலையின்மேல் அமைந்துள்ளது ஹடப்சர். கரும்பு விளைந்த நிலங்கள் இன்று மகர்பட்டா போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன. பிழைப்பைத் தேடி வந்த நம்மவர் குடும்பங்களும் அங்கு வாழ்கின்றன. இக்குடியிருப்புகள் பலவற்றின் சமையலறைகளில் சிலிண்டர் போய்க் குழாய் வந்துவிட்டது. புனே நகருக்குக் குழாய்வழி எரிவாயு வழங்குவது, கெயில் நிறுவனமும் பாரத் பெட்ரோலியமும் கூடி 2006-ஆம் ஆண்டில் தோற்றுவித்த மகாராஷ்டிரா நேச்சுரல் கேஸ் நிறுவனமாகும்.

இவ்வாறு குழாய்வழி எரிவாயு வழங்கும் நகரங்களிலே, டார்ச் விளக்கைப் போன்றதொரு கருவியைச் சுவர்மீதும் தரைமீதும் குறிவைத்தபடி ஊழியர் ஒருவர் நடந்து செல்வதை நேயர்கள் கண்டிருக்கக்கூடும். அவர் கையிலிருப்பது லேசர்க் கருவி. கசிவு இருக்குமிடத்தை நெருங்காமலே, முப்பது மீட்டர் தொலைவில் நின்றவாறு அது வாயுவைக் கண்டுபிடித்துவிடும். நாலாவது மாடியின் வெளிச்சுவரில் ஓடும் குழாயைச் சோதிக்க ஏணி வேண்டுவதில்லை.

மூக்கு இருக்கையில் கருவி எதற்கு எனலாம். குழாயில் வரும் வாயு பெரும்பாலும் மீத்தேன். அதற்கு இயற்கையில் மணமே இல்லை. 1937 மார்ச் 18-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் மணமற்ற வாயு சேர்ந்து வெடித்ததில், குழந்தைகளும் ஆசிரியர்களுமாக முந்நூறு பேர் வரை மாண்டனர். வாயுவுடன் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலக்கவேண்டும் என்ற சட்டம் அதன் பின்னரே வலுப்பெற்றது. நம் நாட்டில் 2014 ஜூன் 27-ஆம் நாள், ஆந்திரத்தின் நகரம் என்னும் கிராமத்தில் விடியற்காலையில் குழாய்வாயு பரவித் தீப்பற்றி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறியே போதும். அந்த அளவை எட்டுவதற்கு வெகுமுன்னரே கசிவைக் காணவேண்டும் அன்றோ?

கருவியின் தத்துவம் எளியது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய சில நிற ஒளிகளை மட்டும் விழுங்கும். மீத்தேன் விழுங்கும் ஒளிகளுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில், சுமார் 1653.7 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ளது. கருவி அவ்வொளியை அனுப்புகிறது. சுவரில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியைப் பிடித்து, எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. ஆனால் அழுக்குச் சுவரும் ஒளியைக் குறைக்குமே! ஆகையால் லேசரின் அலைநீளம் மீத்தேனின் கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் நொடிக்குப் பல்லாயிரம் முறை அசைக்கப்படுகிறது. சுவர் எல்லா அலைநீளங்களையும் ஒருசேரக் குறைக்கும். மீத்தேனோ தன் கோட்டில் மட்டும் குறைக்கும். இவ்வேற்றுமையே அளவாகிறது.

இங்கேதான் அளவுத் திருத்தம் என்னும் பிரச்சினை எழுகிறது. மளிகைக் கடைப் படிக்கல்லுக்கு முத்திரை இருப்பதுபோல், இக்கருவிக்கும் ஒரு படிக்கல் வேண்டும். அது கண்ணாடிச் சாளரங்களையுடைய சிறு குப்பி. அதனுள் அறிந்த அளவு மீத்தேன் அடைக்கப்பட்டிருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு மீத்தேன் பத்து சென்டிமீட்டர் நீளக் குப்பியில் இருந்தால், ஒளி ஒருமுறை கடக்கையில் கருவி 1000 காட்டவேண்டும். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் எண்ணை, ஒளி கடந்த மீட்டர்களால் பெருக்கி வருவது இந்த அலகு. ஒளி போய்த் திரும்பும் இருவழியையும் கணக்கிடுவதா, ஒருவழியை மட்டுமா என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ளாவிடில், பாதிக்குப் பாதி பிழை நேரும். அதே வடிவில் நைட்ரஜன் மட்டும் நிரப்பிய குப்பி ஒன்றும் வேண்டும். அதன் வழியே பார்க்கையில் எண் சிறிதும் ஏறலாகாது. ஏறினால், கண்ணாடிகளுக்கிடையே ஒளி பிரதிபலித்து ஏமாற்றுகிறது என்று பொருள்.

வெப்பமோ மற்றொரு பகை. லேசரின் வெப்பம் ஒரு பாகை மாறினாலே அலைநீளம் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். மீத்தேனின் கோடு அதனினும் குறுகியது. சித்திரை வெயிலில் தெருவில் நடக்கும் கருவி, தன் கோட்டையே தவறவிட்டுவிட்டு, "கசிவு இல்லை" என்று சொல்லக்கூடும்! இதனாலேயே, கருவிக்குள்ளேயே ஒரு மீத்தேன் குப்பியை வைத்து, லேசரை இடைவிடாது அதனோடு ஒப்பிட்டு நிலைநிறுத்துகின்றனர்.

ஊரின் உயரமும் பேசுகிறது. புனே கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் சென்னையினும் நூற்றுக்கு ஆறு பங்களவு குறைவு. அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் குறையும். கோடும் குறுகிக் கூர்மையாகும். இவ்விரண்டும் பெரும்பகுதி ஈடாகிவிடும், முற்றிலும் அன்று. மூடிய குப்பிக்குள்ளே இம்மாறுதல் எதுவும் நிகழாது. எனவே கடற்கரையில் திருத்திய கருவியை, ஹடப்சரில் பையில் நிரப்பிய வாயுவைக்கொண்டு மீண்டும் சோதிப்பதே முறை.

பொய் எச்சரிக்கையும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே பத்து லட்சத்தில் சுமார் இரண்டு பங்கு மீத்தேன் இருக்கிறது. முப்பது மீட்டர் போய்த் திரும்பினால், கசிவே இல்லாதபோதும் நூற்றுக்குமேல் எண் வரும், அதைக் கழித்தாகவேண்டும். மூடிய சாக்கடையும் மீத்தேன் விடும். ஹடப்சருக்கு அப்பால் உருளி தேவாச்சியில் நகரத்துக் குப்பை பல ஆண்டுகளாக மலைபோல் குவிக்கப்பட்டதே, அத்தகைய குப்பையும் மீத்தேன் விடும். கருவிக்கு எல்லா மீத்தேனும் ஒன்றே. எண்ணைப் பார்த்தவுடன் தெருவைத் தோண்டாமல், காற்றின் திசை பார்த்து, பல கோணங்களில் குறிவைத்து முடிவு செய்யும் ஊழியரே நல்ல ஊழியர் என்பது நம் கருத்து.

சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். அதிலுள்ளவை புரொப்பேனும் பியூட்டேனும். மீத்தேனுக்கென அமைந்த கருவி அவற்றைக் காட்டாது. குழாய்வாயு காற்றினும் இலேசாகையால் கூரையை நாடும். சிலிண்டர் வாயு கனமாகையால் தரையோடு தங்கும். நாற்றம் தெரிந்தால், மின்விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடிவிட்டு, குழாய்வாயுவானால் உயர்ந்த சாளரத்தையும், சிலிண்டரானால் தரையைத் தொடும் கதவையும் முதலில் திறக்கவேண்டும். பின்னர் வெளியே சென்று தொலைபேசியில் அவசர உதவிக்கு அழைக்கவேண்டும்.