துக்கடாவுக்கு முன்னே எழுந்துவிடலாமா?

எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் இரண்டு விஷயங்களைப் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஒன்று, பங்காளிகளின் வரப்புத் தகராறு. மற்றொன்று, ஸ்ரீ டி. எம். கிருஷ்ணாவின் கச்சேரி. முதல் சட்டத்தை என் மாமியார் வெகு காலத்துக்கு முன்பே போட்டுவிட்டார். இரண்டாவதை 2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் என் மனைவி போட்டாள். அன்று இரவு ரசம் ஆறிப் போனதுதான் காரணம்.

என் மாமனார் ராசிபுரத்துக்கு மேற்கே மானாவாரிப் பூமி வைத்திருப்பவர். சங்கீதத்தை அவர் எந்தப் பாகவதரிடமும் கற்றவர் அல்ல. திருச்சி வானொலியிடம் கற்றவர். மாட்டைக் கட்டிவிட்டு வந்து திண்ணையில் வானொலிப் பெட்டியைத் திருகி, அரியக்குடி என்ன, மதுரை மணி என்ன, பட்டம்மாள் என்ன, எல்லாரையும் கேட்டுக் காது பழுத்தவர். கிருஷ்ணாவின் குரலை இருபது வருஷங்களுக்கு முன் முதன் முதலாகக் கேட்ட நாளிலிருந்து, அந்தக் குரலுக்கு அவர் அடிமை. "மாப்பிள்ளை, இந்தப் பையன் ராகத்தை அவசரப்படுத்துவதில்லை, பார்த்தீர்களா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் கிருஷ்ணா கச்சேரியின் வரிசையைக் கலைக்க ஆரம்பித்தார். நேயர்களுக்குத் தெரியும், இன்று நாம் கேட்கும் கச்சேரிப் பத்ததி அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைநிறுத்தியது. முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பாய்ச் சில கீர்த்தனைகள், நடுநாயகமாக ஒரு பெரிய கீர்த்தனை, தனி ஆவர்த்தனம், ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள், மங்களம். கல்யாணப் பந்தியில் இனிப்பு முதலிலும் மோர் கடைசியிலும் வருவது போல அவ்வளவு திட்டம். கிருஷ்ணாவோ வர்ணத்தை நடுவில் கொண்டுபோய் வைத்து விஸ்தாரம் செய்வார். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்கிறாரே, இனி கீர்த்தனை வரும் என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், அது வராது. வேறு எங்கோ போய்விடுவார். ரஸிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "இது அகம்பாவம்" என்றார்கள் சிலர். "இதுதான் சங்கீதம்" என்றார்கள் சிலர். என் மாமனார், "மோரை முதலில் ஊற்றினாலும் நல்ல மோர்தானே!" என்று மன்னித்துவிட்டார்.

அரசியலைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

2015-ல் கிருஷ்ணா சென்னை டிசம்பர் கச்சேரிகளில் இனிப் பாடுவதில்லை என்று அறிவித்தார். 2016-ல் அவருக்கு மக்ஸேஸே பரிசு வந்தது. 2017-ல் எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் பற்றிப் புறம்போக்குப் பாட்டு ஒன்றைப் பாடி வெளியிட்டார். 2018 நவம்பரில் டில்லியில் நடக்கவிருந்த அவருடைய கச்சேரியை, எதிர்ப்புக் கிளம்பியதும், ஏற்பாடு செய்த விமான நிலைய ஆணையம் தள்ளி வைத்தது. டில்லி மாநில அரசாங்கம் அதே நாளில் வேறு இடம் கொடுத்துப் பாட வைத்தது. பாட்டுக்காரருக்கு ஒரு கட்சி மேடையை மறுப்பதும் இன்னொரு கட்சி மேடை போட்டுக் கொடுப்பதுமாக இருந்தால், ராகத்தை யார் கேட்பார்கள் என்பது மாமனாரின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்ததும் பானை உடைந்தது. ஈ. வெ. ரா. பெரியாரைப் போற்றுகிறவர் தலைமை வகிக்கும் ஆண்டில் நாங்கள் பாடமாட்டோம் என்று ரஞ்சனி–காயத்ரி சகோதரிகள் விலகினார்கள். சித்திரவீணை ரவிகிரண் தாம் பெற்ற விருதையே திருப்பித் தந்தார். எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் பெயரால் அளிக்கப்படும் பரிசு பற்றி அந்த அம்மையாரின் பேரர் வழக்குத் தொடுத்தார். அவரைப் பற்றிக் கிருஷ்ணா எழுதியவை நிந்தனை என்பது அவர் கட்சி. டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் வரை போய், கிருஷ்ணாவை அந்தப் பரிசு பெற்றவராகக் கொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவாயிற்று. எம். எஸ். பற்றிக் கிருஷ்ணா எழுதியதில் சில வரிகள் எனக்கும் உவப்பாயில்லை. பாடமாட்டோம் என்று சொல்வதும் ஒரு பாடகரின் உரிமைதான். ஆனால் "சங்கீதத்தில் அரசியலைக் கலக்காதே" என்று சொல்கிறார்களே, அந்த வாதம்தான் சரித்திரம் படித்த எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

கலக்காமல் எப்போது இருந்தது? மோகனூரில் பிறந்த நமது ராமலிங்கம் பிள்ளையின் பாட்டு 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டாயிற்று. நாடக மேடையில் முருகன் வேஷத்தில் நின்று தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றார் விஸ்வநாததாஸ். 1940-ம் வருஷத்தின் கடைசி நாளன்று அந்த வேஷத்தோடேயே மேடையில் உயிர் விட்டார். பட்டம்மாள் கச்சேரியில் பாரதியாரைப் பாடியது என்ன, அரசியல் இல்லையா? நமக்குப் பிடித்த அரசியலுக்கு மட்டும் தேசபக்தி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இதைவிட வேடிக்கை, தமிழிசைச் சண்டை. தெலுங்குக் கீர்த்தனைகளே கச்சேரியை நிறைத்து, தமிழ்ப் பாட்டு துக்கடாவாகக் கடைசியில் ஒண்டிக் கொண்டிருந்த காலம். 1941-ல் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்கு மாநாடு கூட்டினார். அதே வருஷம் டிசம்பரில், பாஷையைக் காரணமாக்கிச் சங்கீதத்தின் தரத்தைத் தாழ்த்தலாகாது என்று மியூசிக் அகாடமி தீர்மானம் போட்டது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. கல்கியும் டி. கே. சி.யும் தமிழுக்காக வரிந்து கட்டினார்கள். சேலத்தில் வக்கீலாயும் நகரசபைத் தலைவராயும் இருந்த ராஜாஜி தமிழிசைப் பக்கம். பள்ளிபாளையம் பாலத்துக்கு அப்பால் ஈரோட்டில் நகரசபைத் தலைவராயிருந்த பெரியாரும் தமிழிசைப் பக்கம்! பல காலம் அரசியலில் எதிரும் புதிருமாய் நின்ற இரு சிநேகிதர்களும் ஒத்துப் போன சில விஷயங்களில் கச்சேரியின் பாட்டு வரிசையும் ஒன்று. இதைச் சொன்னதும் மாமனார், "அது பாஷை விஷயம், மாப்பிள்ளை, இது வேறு" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். அப்போதுதான் ரசம் ஆறியது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். கிருஷ்ணா பாடும் புதிய தமிழ்ப் பாட்டுகளில் பல, திருச்செங்கோட்டுப் பக்கத்து மண்ணில் பிறந்தவை. அவற்றை எழுதியவர் பெருமாள்முருகன். நாமக்கல் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவருடைய "மாதொருபாகன்" நாவலுக்காக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எழுந்த கிளர்ச்சியையும், மறு மாதம் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்ததையும், 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் நாவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னதையும் இந்த ஜில்லாவில் யாரும் மறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் அந்த மாதங்களில் நண்பர்கள் பலர் நண்பர்களாக இல்லை. அவர்தான் பிறகு ஐம்பூதங்களைப் பற்றியும் பனைமரத்தைப் பற்றியும் கீர்த்தனைகள் எழுதினார். வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டையொட்டி 2023-ல் கிருஷ்ணா பாடிய பெரியார் பாட்டும் அவர் எழுதியதே. அந்த ஒரு பாட்டுத்தான் மாமனாருக்கு முள்.

ஒரு நாள் மாலை என் மகள் கைப்பேசியில் பனைக் கீர்த்தனையை வைத்துவிட்டாள். மாமனார் வாசலில் கயிறு திரித்துக் கொண்டிருந்தார். அவர் பூமியில் ஒரு காலத்தில் வரப்பு நெடுக நின்ற பனைகள் செங்கற் சூளைக்குப் போய்விட்டன, விற்றவர் அவரேதான். கிருஷ்ணாவின் குரல் என்று முதல் இழுப்பிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். "நிறுத்து" என்று சொல்லவில்லை. கயிறு மட்டும் நின்றது. பாட்டு முடிந்ததும், "காலப்பிரமாணம் கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்தக் கிணற்றடிக்குப் போய்விட்டார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

2024 டிசம்பர் 25-ம் தேதி கிருஷ்ணா பல வருஷங்களுக்குப் பின் அகாடமி மேடையில் பாடினார். மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தியை மாமனார் இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. சென்ற வாரம் தாமாகவே சட்டத்தை மீறினார். அதுவும் சாப்பாட்டு வேளையில்.

"மாப்பிள்ளை, இந்தப் பக்கம், சேலத்திலோ ஈரோட்டிலோ, அவன் பாட வந்தால் சொல்லுங்கள். போய்க் கேட்கலாம். வேண்டாத பாட்டெல்லாம் கடைசியில்தானே வரும்? துக்கடாவுக்கு முன்னே எழுந்துவிடலாம்."

என் மகள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அப்புச்சி, அவர் கச்சேரியில் துக்கடா எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? முதலிலேயே வந்துவிட்டால்?"

மாமனார் மோருக்குக் கையை நீட்டினார்.