மணிமேகலையின் ஏதுப்போலியும் தேற்றம் நிறுவும் மென்பொருளும்: அளவைக் கல்வி நோக்கு

முன்னுரை

தேற்றங்களின் நிறுவலைப் படிப்படியாகச் சரிபார்க்கும் மென்பொருள்கள் இன்று வகுப்பறைக்கு வந்துள்ளன. 2013இல் லியோனார்டோ டி மூரா தொடங்கிய லீன் அவற்றுள் ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் சித்தார்த்த காட்கில் லீனைக் கொண்டு நிறுவலும் நிரலும் பற்றிய பாடம் நடத்தியுள்ளார். மணிமேகலை 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை கற்பிக்கிறார். அவ்வளவையைப் பயிற்றுவதில் இம்மென்பொருள் எந்த அளவு துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போலிகளின் பகுப்பு

அக்காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என உறுப்பு ஐந்தனைக் கூறி, இறுதி இரண்டையும் திட்டாந்தத்துள் அடக்குகிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனப் போலிகள் 33 ஆகின்றன. 'ஒலி நிலையற்றது, செய்யப்படுதலின், குடம் போல' என்பது குற்றமற்ற வாதம். 'ஒலி நிலையற்றது, அறியப்படுதலின்' என்பதோ சாதாரண அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலி. அறியப்படுதல் நிலையற்ற குடத்திற்கும் நிலைபேறுடைய ஆகாயத்திற்கும் பொதுவாதலின் அவ்வேது துணிவு தாராது.

மென்பொருளில் வாதம்

இரண்டாம் வாதத்தை மாணவர் லீனில் எழுதினால், 'ஒலி அறியப்படுவது' என்பது கருதுகோளாகவும் 'ஒலி நிலையற்றது' என்பது இலக்காகவும் அமையும். இவ்வளவில் நிறுவல் முற்றுப்பெறாது. 'அறியப்படுவன எல்லாம் நிலையற்றன' என்னும் வியாப்தி தேவை என்பதை மாணவர் கண்டுகொள்வார். முதல் வாதத்திற்கும் இத்தகைய வியாப்தி வேண்டும். வடிவத்தால் இரண்டும் ஒன்றே. எனவே வியாப்தியைக் கருதுகோளாகச் சேர்த்தவுடன் மென்பொருள் இரண்டையும் ஏற்கும். வியாப்தி மெய்யா என வினவாது.

ஆகாயம் அறியப்படுவது, நிலைபேறுடையது என்பனவற்றையும் சேர்த்தால் கருதுகோள்கள் தம்முள் முரணுதலை லீனிலேயே நிறுவலாம். ஆயினும் ஆகாயத்தை எதிர்ச்சான்றாகக் கொணர்வது மாணவர் கடன். ஒலி செவிப்புலனாகாது என்பது போன்ற, காட்சிக்கு மாறான பக்கப்போலியை அறியவும் புலனறிவே வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஏதுப்போலி வடிவப் பிழையன்று, பொருட்பிழை. ஆதலின் மணிமேகலையின் அளவையைக் கணினி அளவையின் முன்னோடி எனப் போற்றுதல் பொருந்தாது. சொல்லாது விடப்பட்ட வியாப்தியை வெளிப்படுத்த மென்பொருள் உதவும். அதன் மெய்ம்மையை ஆராயக் காதை பயிற்றும். ஏதுப்போலி 14இனையும் மாணவர் லீனில் எழுதி, மென்பொருள் தடுப்பன, ஏற்பன என வகைப்படுத்துவது தமிழ் வகுப்பிற்கும் உரிய பயிற்சியாகும்.