கழித்துப்போட்டதில் எழுந்த மாளிகை

மாடி ஜன்னல்வரை பனி. செங்குத்தாக எழும் கூரை. பின்னால் அதே சாயலில் ஒரு வெண்சிகரம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மவுண்ட் ஹூட் மலையில் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது டிம்பர்லைன் லாட்ஜ். அந்த விடுதியின் பழைய பட அஞ்சலட்டைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. ‘தி ஷைனிங்’ (1980) படம் பார்த்தவர்களுக்கும் அந்த முகப்பு நினைவிருக்கும்.

வேலையில்லாத் திண்டாட்டம் அமெரிக்காவை வாட்டிய 1930-களில், அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் எழுந்த கட்டடம் அது. 1936-இல் வேலைக்கு வந்தவர்கள் கூடாரங்களில் தங்கினார்கள். தொழில் தெரிந்தவருக்கு மணிக்கு 90 சென்ட் கூலி, மற்றவர்களுக்கு 55 சென்ட். 1937 செப்டம்பர் 28 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து அர்ப்பணிப்பு விழாவை நடத்தினார். 1938 பிப்ரவரியில் விருந்தினர்கள் வரத் தொடங்கினார்கள்.

உட்புறத்தைக் காட்டும் அட்டைகளைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டும். படிக்கட்டுத் தூண்களின் தலையில் ஆந்தையும் கரடியும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தூண்கள், கழித்துப்போட்ட சீடர் மரக் கம்பங்கள். கணப்படுப்பில் விறகைத் தாங்கும் இரும்பு, பழைய ரயில் தண்டவாளம். அடுப்பின் முன் தொங்கும் திரை, டயர் சங்கிலி. தரைவிரிப்புகளில் பழைய கம்பளி, சீருடைத் துண்டுகள். மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் என்ற பெண்மணியின் மேற்பார்வையில் உருவான அலங்காரம் இது. கையில் காசில்லாத காலம், கைவேலைக்குக் குறைவில்லை.

அட்டைகளுக்கு வயது கணிக்கவும் வழி உண்டு. ஒரு சென்ட் தபால்தலையோடு வந்திருந்தால், கட்டணம் இரண்டு சென்ட்டாக உயர்ந்த 1952-க்கு முன்பு எழுதியதாக இருக்கும். பனிச்சறுக்க வருபவர்களை மலைமேல் ஏற்றும் ‘மேஜிக் மைல்’ இழுவை நாற்காலி ஓடுவது தெரிந்தால், 1939-க்கு முந்தியதாக இருக்க முடியாது. துணிபோலச் சொரசொரத்த தாளில் பளிச்சென்ற நிறங்கள் இருந்தால், அது பெரும்பாலும் முப்பது, நாற்பதுகளின் ‘லினன்’ அட்டை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அச்சகத்தார் ஏற்றிய நிறம் அது. ஆகவே வானத்தின் நீலத்தை நம்ப வேண்டாம், கட்டடத்தின் கோடுகளை நம்பலாம்.

1955-இல் விடுதி மூடப்பட்டது. அதே ஆண்டு ரிச்சர்ட் கோன்ஸ்டாம் பொறுப்பேற்று உயிர்ப்பித்தார். 1977-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. இன்றும் அங்கே போய்த் தங்கலாம்.

கழித்த பொருளில் எழுந்த விடுதியின் வரலாற்றை, படித்ததும் குப்பைக்குப் போகவேண்டிய அட்டைகள் காத்து வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டு அட்டை இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.