ட்ரோன் வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

"சங்கத்தின் பெயரில் ஒரு ட்ரோன் வாங்கலாமா?" என்பது, திருத்தணி வட்டாரத்துச் சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்று. மருந்தடிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் இவ்வினா எழுவது இயல்பே. ஆதலின் இதன் நன்மையையும் தொல்லையையும் ஒருங்கே ஆராய்வோம்.

இது திடீரென முளைத்த புதுமை அன்று. ஜப்பானிய யமஹா நிறுவனம் நெல் வயலில் மருந்து தெளிக்க ஆளில்லா ஹெலிகாப்டரை 1987ஆம் ஆண்டிலேயே உருவாக்கியது. இன்று நம் நாட்டில் வழங்கும் பெரும்பாலான வேளாண் ட்ரோன்கள் 10 லிட்டர் அளவு மருந்து நீரைச் சுமந்து, ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஓர் ஏக்கரை முடிப்பவை. கைத்தெளிப்பானைத் தோளில் சுமப்பவரோ அதே ஏக்கருக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் சுமக்க வேண்டும்; மருந்துப் புகையையும் சுவாசிக்க வேண்டும். ஆளுயரம் வளர்ந்த கரும்பினுள் தெளிப்பானுடன் நுழைவதன் துன்பத்தை நம் கரும்பு விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். மத்திய அரசு 2022ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைப்படி, வாடகை மையம் நடத்தும் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்திற்கு விலையில் 40 சதவீதம், 4 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் வகுக்கப்பட்டது. விலை 10 லட்சம் என்று கணக்கிற்காகக் கொள்வோம். சங்கத்தின் பொறுப்பு 6 லட்சம். ஐந்தாண்டில் தேய்மானம் கழித்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆண்டில் 300 ஏக்கரே தெளித்தால், ஏக்கருக்கு 400 ரூபாய் தேய்மானத்திற்கே சென்றுவிடும். 600 ஏக்கராயின் 200 ரூபாய். மின்கலமும் கூலியும் இதற்கு மேல். அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருக்கும் நம்மவருள் எவரும் இதைத் தனியே தாங்க இயலாது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். மானியம் ஒருமுறை வரும். செலவோ ஆண்டுதோறும் வரும் என்பதை நிர்வாகிகள் மறத்தலாகாது.

பணத்திற்கு அப்பாற்பட்ட பொறுப்புகளும் உண்டு. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, இத்தகைய கருவியை ஓட்டுபவர் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் உடையவராதல் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருத்தலும் 18 வயது நிறைந்திருத்தலும் வேண்டும். வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. பின்னிரண்டிலும் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. அரக்கோணத்தில் ராஜாளி கடற்படை விமானத் தளம் நமக்கு அண்மையில் இருப்பதால், ஒவ்வொரு கிராமத்தின் நிலையையும் அரசின் வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்தறிவது இன்றியமையாதது.

நெசவாள அங்கத்தினர்களும் இதில் கருத்துச் செலுத்துதல் வேண்டும். காற்றடங்கிய அதிகாலையே மருந்து தெளிக்க ஏற்ற வேளை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் ஊர்களில் அதற்கும் அதுவே வேளை. நுண்துளியாக விழும் மருந்து சிறு காற்றிலும் வரப்பைத் தாண்டும்; அயலான் பயிரிலும் படியும், நூலிலும் படியும். எனவே தெளிக்கும் நாளையும் இடத்தையும் முதல் நாளே ஊரில் அறிவித்தல் கடமை.

இதுகாறும் மருந்தடித்துக் கூலி பெற்ற குடும்பங்களின் நிலை யாது? தகுதியுள்ள இளைஞரையும் மகளிரையும் அக்குடும்பங்களிலிருந்தே தெரிந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புவதே கூட்டுறவு நெறி. அவர் கையிலிருந்து தெளிப்பானை வாங்கிவிட்டு வெறுங்கையாய் அனுப்புவது நம் இயக்கத்திற்கு அழகன்று.

1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டில் முதன்முதல் பதிவான சங்கங்களுள் ஒன்று நம் மாவட்டத்துத் திரூரில் தோன்றியது. தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்வதே அன்று தொட்டு நம் வழி. ஆதலின் சங்கங்கள் முதலில் ஒரு பருவத்திற்கு ட்ரோனை வாடகைக்கு அமர்த்திப் பார்க்கட்டும். தெளித்த ஏக்கர், ஆன செலவு, மிஞ்சிய மருந்து, எழுந்த முறையீடு ஆகிய நான்கையும் ஒரு பதிவேட்டில் எழுதி வரட்டும். அப்பதிவேட்டைப் பொதுக்குழுவின் முன் வைத்து, அங்கத்தினர் ஒப்பினால் வாங்கட்டும்.