சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் கேட்கிறது?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றது. மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியில் விடைபெற்றது. ஆனாலும் நம் ஊர்களில் இந்த வண்டிகள் இன்னும் எத்தனையோ ஷெட்டுகளில் நிற்கின்றன. அப்பா ஓட்டியது, கல்யாணத்துக்கு வாங்கியது என்று விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். விசேஷத்துக்கு ஊருக்கு வந்த மகன் ஆசையாக ஏறிச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புவதில்லை. புது பேட்டரி வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கும் கிளம்பாவிட்டால் காயில், அப்புறம் செல்ஃப் மோட்டார். கடைசியில் பார்த்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும். இப்படிக் குத்துமதிப்பாக ஒவ்வொன்றாக மாற்றிச் செலவு ஏறிப்போய்த்தான் பல நல்ல வண்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன.

கார்பரேட்டர் காலத்துப் பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை கொஞ்சம்தான். அது போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். சரியான நேரத்தில் பிளக்கில் பொறி பறக்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் வர வேண்டும். சிலிண்டரில் கம்ப்ரஷன் இருக்க வேண்டும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் கம்ப்ரஷன் ஒரே ராத்திரியில் போவது அபூர்வம். ஆகவே முதல் மூன்றைத்தான் பார்க்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்பதைச் சாவியைத் திருப்பும்போது கேட்கும் சத்தம் சொல்லிவிடும். “செல்ஃபே எடுக்கலை” என்பதும், “செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை” என்பதும் இரண்டு வேறு நோய்கள். மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது இந்த ஒன்றைத் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை மிச்சம்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் செல்ஃபும் அசையாமல் இருந்தால், இக்னிஷன் சுவிட்சிலோ சாலினாய்டிலோ அதற்குப் போகும் ஒயரிலோ கோளாறு. ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டு வெளிச்சமும் மங்கினால் செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல நேரம் விடுபட்டுவிடும்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் வண்டி சும்மா நிற்கும்போது அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரியை நம்ப முடியாது. அளவு சரியாக இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பளபளவென்று ஆகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டியபின் மேலே வாசலின் தடவுங்கள்.

எர்த்தையும் மீட்டராலேயே சோதிக்கலாம். ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் அந்த வழியில் தடைபடுகிறது என்று பொருள். பழைய வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த எர்த் பட்டையைத்தான்.

செல்ஃப் நன்றாக அடித்தும் வண்டி பிடிக்கவில்லை என்றால் பொறியைப் பாருங்கள். பாயிண்ட் வைத்த வண்டியில் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் போகும் ஒயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிக் காட்டுங்கள். நீல நிறத்தில் ‘சட் சட்’ என்று பாய்ந்தால் காயிலும் பாயிண்டும் நலம். மஞ்சளாக, மெலிதாக வந்தால் கன்டென்சர் மேல் சந்தேகம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் இப்படிச் செய்யவே கூடாது, மாடியூல் போய்விடும். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் எந்த வண்டியிலும் பொறி பார்க்க வேண்டாம்.

பொறியே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்டின் இரண்டு முகங்களிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம் படிந்திருக்கும். கரண்டை நிறுத்த அதுவே போதும். சுத்தமான அட்டை ஒன்றைப் பாயிண்டுக்கு நடுவே செருகி இழுத்தால் கறுப்புக் கோடு அட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். கோடு வராமல் ஆகும்வரை இழுங்கள். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி அம்பாசிடரின் பழைய 1489 சிசி எஞ்சினுக்கு 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் மூடியின் உள்பக்கம் ஈரம் கோத்திருக்கும். காய்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சிலால் கிறுக்கினாற்போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் மூடி விரிசல் விட்டிருக்கிறது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பொறி வருகிறது, வண்டி பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல். நெடுநாள் நின்ற வண்டியில் கார்பரேட்டர் கிண்ணம் காய்ந்திருக்கும். பம்ப் இழுத்து நிரப்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், இடையே அரை நிமிஷமாவது மோட்டாரை ஆறவிடுங்கள். நாற்றம் மூக்கைத் துளைத்தால் பெட்ரோல் ஓவர் ஆகிவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடியே வைத்துக்கொண்டு அடித்தால் பிடிக்கும்.

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நம் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸும் பம்பின் டயஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே நிற்கும் வண்டியின் டேங்கில் மாதக்கணக்கில் அதே பெட்ரோலைக் கிடக்க விடாதீர்கள். ஹோஸ் உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ, வண்டி ஸ்டார்ட் ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, அன்றைக்கே மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஒரு தடவை பின்னால் வெடித்தால் தீ நேராகக் கையில் இருக்கும் பாட்டிலுக்குத் தாவும். ஷெட்டில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். கோளாறு உங்கள் கைக்கு அடங்கவில்லை என்றால், பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்த பழைய மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். அவர் எதை மாற்றச் சொன்னாலும், சோதித்துக் காட்டியபின் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.