கொதிக்க வைத்தாலும் போகாத நைட்ரேட்: வீட்டுக் கிணற்றைக் காப்பது எப்படி?

கொங்கு மண்டலத் தோட்டத்து வீடுகளில் கிணறு, மாட்டுத் தொழுவம், எருக்குழி எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். சுற்றிலும் மஞ்சள், வாழை, கரும்பு. வயலுக்குப் பாயும் அதே தண்ணீரைத்தான் பல வீடுகளில் குடிக்கவும் எடுக்கிறார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எப்படி வருகிறது?

யூரியாவிலும் சாணத்திலும் உள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சுவது மண்ணில் ஒட்டி நிற்காது. பாசன நீரோடும் மழைநீரோடும் இறங்கி, பாறை வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேரும்.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டானால் சுமார் 2 கிலோ வரும். 45,000 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக அது போதும்.

யாருக்கு ஆபத்து?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு. இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும், நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை நீக்காது.

என்ன செய்யலாம்?

* எருக்குழி, செப்டிக் டேங்க் ஆகியவற்றைக் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, தாழ்வான பக்கத்தில் அமையுங்கள். மழைக்காலத்தில் எருக்குவியலை மூடி வையுங்கள்.
* கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் சிமெண்ட் மேடையும் கட்டுங்கள். மருந்துத் தெளிப்பானைக் கிணற்று மேட்டில் கழுவாதீர்கள்.
* மண் ஆய்வுப்படி யூரியாவைப் பிரித்து இடுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுங்கள். உரமிட்டவுடன் அதிகத் தண்ணீர் கட்டாதீர்கள்.
* ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதியுங்கள். 'நைட்ரேட் பார்க்க வேண்டும்' என்று கேட்டுக் கொடுங்கள்.

அளவு 45-ஐத் தாண்டினால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேறு தண்ணீர் கொடுங்கள். அந்தக் கிணற்று நீரைப் பயிருக்கு விடலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரை ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால், சுமார் 10 கிலோ யூரியாவின் தழைச்சத்து அதிலேயே கிடைத்துவிடும். மேலுரத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். செலவும் மிச்சம், கிணறும் மெல்லத் தேறும்.